வாடலும் மஞ்சளும்: செடிக்குள் ஓட்டம் எங்கே தடைபட்டது என்று கண்டறியும் வழிமுறை

செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவதும், இலை மஞ்சளானால் உரம் இடுவதும் பெரும்பாலோரின் முதல் வேலையாக இருக்கின்றன. பல வேளைகளில் அந்த முதல் வேலையே செடிக்கு முடிவு கட்டிவிடுகிறது. இலைக்கு நீர் எட்டவில்லை என்பதனால் மண்ணில் நீர் இல்லை என்று ஆகிவிடாது. இலையில் சத்து குறைந்திருப்பதனால் மண்ணிலும் அது குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. மண், வேர், தண்டு, இலை என்று நீளும் பாதையில் ஏதோ ஓரிடத்தில் ஓட்டம் தடைபட்டிருக்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்த பிறகே பூவாளியையோ உரத்தையோ கையில் எடுக்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாகத் தரப்பட்டுள்ள சோதனைகளுக்குக் கத்தி, தெளிந்த கண்ணாடிக் குவளை, விரல் ஆகியவற்றைத் தவிரப் பெரிதாக எதுவும் தேவைப்படாது.

முதலில் பாதையைப் பற்றி

மண்ணிலுள்ள நீர் வேர்த்தூவிகளின் வழியே நுழைந்து, வேரின் புறணியைக் கடந்து, அகத்தோலை அடைகிறது. அகத்தோல் செல்களின் சுவரில் அமைந்துள்ள காஸ்பாரியன் பட்டை என்னும் நீர்புகாத் தடுப்பு, செல்களின் இடுக்குகளில் ஊர்ந்து வந்த நீரையும் உப்புகளையும் அங்கே நிறுத்தி, உயிருள்ள செல்சவ்வுகளின் வழியாக மட்டுமே உள்ளே விடுகிறது. இறந்த வேரால் சத்துகளைத் தேர்ந்து எடுக்க இயலாமற்போவதன் காரணம் இதுதான். அகத்தோலுக்கு அப்பால் இருப்பவை, நீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாய்கள். முதிர்ந்த நிலையில் அவை உயிரற்றவை. இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால், அறுபடாத நீர்க்கம்பத்தின் வழியே வேர்வரை கடத்தப்படுகிறது. 1894-இல் டிக்சன், ஜோலி ஆகியோர் முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. இது வெறும் உறிஞ்சல் அன்று: வெற்றிடத்தை உண்டாக்கி உறிஞ்சும் பம்பினால் நீரைச் சுமார் 10 மீட்டருக்குமேல் தூக்க இயலாது. ரெட்வுட் என்னும் நெடுமரங்களிலோ நீர் 110 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது.

இலையில் உருவாகும் சர்க்கரை வேறு பாதையில் செல்கிறது. அது புளோயத்தின் சல்லடைக் குழாய்கள், இவை உயிருள்ளவை. சர்க்கரை நிறைந்த இலைப்பக்கம் அழுத்தம் மிகுந்தும், சர்க்கரையைச் செலவிடும் வேர், காய், தளிர் ஆகியவற்றின் பக்கம் அழுத்தம் குறைந்தும் இருப்பதால் சாறு நகர்கிறது என்று 1930-இல் மியூன்ச் விளக்கினார்.

பிழை கண்டறிவோருக்கு இவ்வளவு கோட்பாட்டிலிருந்து ஒரு வேறுபாடு மட்டும் நினைவில் நின்றால் போதும்: சைல ஓட்டம் எங்கே நீராவிப்போக்கு மிகுதியோ அங்கே செல்லும், புளோய ஓட்டம் எங்கே தேவை மிகுதியோ அங்கே செல்லும். பின்வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்கிறது

வேர் எடுக்கும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் சில மணி நேரம் மிகுந்திருக்கிறது, அவ்வளவே. அகன்ற மெல்லிய இலைகளை உடைய பூசணி போன்ற செடிகளில் இது அன்றாட நிகழ்ச்சி. மாலையில் தானே நிமிர்ந்து, மறுநாள் விடியலில் விறைப்பாக நின்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாடலை மதிப்பிட ஏற்ற நேரம் விடியற்காலையே. இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருந்த பிறகும் செடி நிமிரவில்லை என்றால்தான் பாதையில் பிழை உண்டு என்று கொள்ள வேண்டும்.

குளிர்ந்த இரவைத் தொடர்ந்து வரும் பளிச்சென்ற வெயில் நாளில் மட்டும் செடி வாடுமானால், மண்ணின் குளிரை ஐயுறுக. 5 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு, அத்துடன் குளிர்ந்த வேரின் செல்சவ்வுகளும் நீரை எளிதில் விடுவதில்லை. மண் சூடேறியதும் நிலைமை தானாகச் சீராகும்.

விடியலிலும் வாடியிருக்கிறது, மண் உலர்ந்திருக்கிறது

இதற்குத் தண்ணீரே மருந்து. ஆனாலும் ஊற்றிய தண்ணீர் வேரை எட்டியதா என்று பார்க்க வேண்டும். தென்னை நார்க்கழிவு அல்லது கரிமப் பொருள் மிகுந்த தொட்டிக் கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், அது சுருங்கித் தொட்டியின் சுவரிலிருந்து விலகி நிற்கும்; மேலே ஊற்றும் நீர் அந்த இடைவெளியில் இறங்கி அடித்துளை வழியே வெளியேறிவிடும். கீழே நீர் வடிவதைக் கண்டு நிறைய ஊற்றிவிட்டோம் என்று நம்புவது இயல்பு. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையே உண்மையைச் சொல்லிவிடும். அத்தகைய தொட்டியை ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் மேற்பரப்பு ஈரமாகும்வரை நிறுத்தி வைத்து, பின்னர் நன்றாக வடியவிடுவதே சரியான முறை. தரையிலுள்ள செடிக்கு, சிறிது ஊற்றி, ஊறவிட்டு, மீண்டும் ஊற்றுதல் நன்று.

மண்ணின் நீர்த்திறன் (மண்ணிலிருந்து நீரை எவ்வளவு எளிதாக எடுக்கலாம் என்பதன் அளவு; அது இறங்க இறங்க எடுப்பது கடினம்) ஏறத்தாழ −1.5 மெகாபாஸ்கல் என்னும் அளவுக்கு இறங்கினால் பெரும்பாலான பயிர்கள் அதற்குமேல் நீரை எடுக்க இயலாது. இதனை நிரந்தர வாடல் நிலை என்பர். நுண்துளைகளில் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும் களிமண் இந்நிலையிலும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றக்கூடும் என்பதால், விரல் சோதனை களிமண்ணில் நம்பத்தக்கதன்று.

விடியலிலும் வாடியிருக்கிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது

இந்த அறிகுறிதான் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எனவே இங்கே அவசரம் கூடாது. நீர் இருக்கிறது, இலைக்கு எட்டவில்லை. தடை வேரிலா, தண்டிலா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வாடிய கிளையின் நுனியை வெட்டி, வெட்டிய முனையை நீருக்குள் அமிழ்த்தி, அங்கேயே இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி நீக்குக. முதல் வெட்டில் குழாய்களுக்குள் இழுக்கப்பட்ட காற்று இதனால் அகலும். அந்தக் கிளையைக் குவளை நீரில் நிழலில் வைத்தால், சில மணி நேரத்தில் அது நிமிருமானால் இலையும் அந்தக் கிளையின் குழாய்களும் நலமாக உள்ளன. பிழை அதற்குக் கீழே, பெரும்பாலும் வேரில். நிமிராவிட்டால் அந்தக் கிளைக்குள்ளேயே குழாய்கள் அடைபட்டுள்ளன, அல்லது இலைச் செல்கள் மீளமுடியாத அளவுக்கு உலர்ந்துவிட்டன.

பிழை வேரில் என்று தெரிந்தால் செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்க்கலாம். தரையிலுள்ளதற்குப் பக்கத்தில் தோண்டிப் பார்க்கலாம். நல்ல இளவேர் வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும். பழுப்பேறி, இழுத்தால் மேலுறை கழன்று நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சினால் அது வேரழுகல். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து நெடுநேரம் ஆகிவிட்டது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவுகிறது. மண்துளைகள் அனைத்தையும் நீர் நிறைத்தால் வேர் மூச்சுத் திணறுவது அதனால்தான். மூச்சின்றிப்போன வேர்ச்செல்களுக்குள் அமிலத்தன்மை கூட, செல்சவ்விலுள்ள அக்வாபோரின் என்னும் நீர்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும் முரண் இப்படித்தான் நேர்கிறது. அதற்கு மேலும் நீர் ஊற்றுவது எப்படி முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தக்காளி போன்ற செடிகளில் இலைக்காம்பு கீழ்நோக்கி வளைந்து தொங்க, இலையைத் தொட்டால் விறைப்பாகவே இருக்கும். நீர் தேங்கிய வேரில் உருவாகும் ஒரு முன்பொருள் சைலத்தின் வழியே மேலேறி, ஆக்சிஜன் கிடைக்கும் இலைப்பகுதியில் எத்திலீன் வாயுவாக மாறுவதால், காம்பின் மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட மிகுதியாக வளர்ந்துவிடுகிறது. இது வாடல் அன்று. வேர் மூழ்குவதற்கான முன்னெச்சரிக்கை. இந்த நிலையில் கவனித்துவிட்டால் வடிகால் ஏற்படுத்தியே செடியை மீட்கலாம்.

வேர் அழுகத் தொடங்கியிருந்தால் நீர்ப்பாய்ச்சலை நிறுத்தி, வடிதுளைகளைத் திறந்து, அழுகிய பகுதிகளைத் தூய கத்தியால் நீக்கி, காற்றோட்டமுள்ள கலவைக்கு மாற்றி, செடியை நிழலில் வைக்க வேண்டும். இலைகளில் ஒரு பகுதியைக் குறைத்தால், மிஞ்சிய வேரால் தாங்கக்கூடிய அளவுக்கு நீராவிப்போக்கு இறங்கும். புதுவேர் வரும்வரை உரம் கூடாது. உரம் என்பதும் உப்பே.

வேர் வெளிர்நிறமாக, நலமாக இருந்தும் செடி வாடுமானால், உப்பையோ வாடல் நோயையோ தேட வேண்டும். உப்பைப் பற்றிப் பின்னர் வருகிறது. வாடல் நோய்க்குத் தண்டின் அடிப்பகுதியை வெட்டிப் பார்க்க வேண்டும். குறுக்குவெட்டில் குழாய் வளையம் பழுப்பு நிறமாக இருந்தால் நுண்ணுயிர் குழாய்க்குள் புகுந்துவிட்டது. வெட்டிய தண்டுத்துண்டைத் தெளிந்த நீருள்ள குவளையில், முனை நீரைத் தொடும்படி தொங்கவிடுக. சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழைகள் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றில் ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா உண்டாக்குவது. இழை இறங்காமல் வளையம் மட்டும் பழுப்பேறியிருந்து, கீழிலைகள் முதலில், பெரும்பாலும் ஒரு பக்கமாக மஞ்சளாகியிருந்தால் ஃபியூசேரியம், வெர்ட்டிசிலியம் போன்ற பூசணங்களை ஐயுறலாம். பூசண இழைகள் மட்டுமே குழாயை அடைப்பதில்லை. அவற்றைத் தடுக்கச் செடியே குழாய்க்குள் கசியவிடும் பிசினும், பக்கச் செல்கள் குழாய்க்குள் பிதுக்கும் வளர்ச்சிகளும் சேர்ந்தே வழியை மூடுகின்றன. குழாய்க்குள் குடியேறிய நோயை மருந்து தெளித்து நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கை வீண் என்பதே என் கருத்து. செடியை வேரோடு அகற்றி, அந்த இடத்தில் அதே குடும்பப் பயிரை உடனே நடாமல் இருப்பதும், அடுத்த முறை எதிர்ப்புத்திறன் உள்ள இரகத்தையோ ஒட்டுச்செடியையோ தேர்வதும்தான் பயன் தரும்.

நட்டுவைத்த நாற்று உடனே துவண்டுவிட்டது

பிடுங்கும்போது அறுந்தவை பெரும்பாலும் வேர்த்தூவிகள். நீரை எடுக்கும் பரப்பு மண்ணோடு போய்விட, இலைப்பரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மாலையில் நடுதல், சில நாள் நிழல் தருதல், வேரைச் சுற்றி மண்ணை இறுக்கமின்றி ஒட்ட வைத்து நீர் பாய்ச்சுதல் ஆகியவை போதும். பிழை தானே சரியாகக்கூடியது.

ஒரே ஒரு கிளை மட்டும் வாடுகிறது

பிழை மண்ணில் இருந்தால் முழுச் செடியும் வாடும். எனவே இங்கே மண்ணை விட்டுவிடலாம். கிளை தொடங்கும் இடத்திலிருந்து மேல்நோக்கித் துளை, மரத்தூள் போன்ற கழிவு, முறிவு, புண் ஆகியவற்றைத் தேடுக. கழிவு தள்ளப்பட்ட துளை தெரிந்தால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது; துளைக்குக் கீழே நலமான பகுதிவரை வெட்டி அகற்ற வேண்டும். எதுவும் தென்படாவிட்டால் முன்சொன்ன பழுப்பு வளையச் சோதனையைச் செய்க. பல செடிகளில் ஒரு பக்கத்து வேர் அதே பக்கத்துக் கிளைகளுக்கே பெரும்பாலும் நீரூட்டுவதால், ஒரு பக்க வேரின் காயமும் இந்த அறிகுறியைத் தரக்கூடும்.

இலையின் நுனியும் ஓரமும் கருகுகின்றன

உறிஞ்சப்படும் நீரில் பெரும்பகுதி, ஏறத்தாழ 97 விழுக்காட்டுக்கும் மேல், நீராவியாக வெளியேறிவிடுகிறது. நீரோடு வந்த உப்பு ஆவியாவதில்லை. அது சைல ஓட்டத்தின் கடைசி முனைகளான இலை நுனியிலும் ஓரத்திலும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. முதிர்ந்த இலைகளில் ஓரக் கருகலும், மண்ணின் மேலோ தொட்டியின் விளிம்பிலோ வெண்படிவும் சேர்ந்து தெரிந்தால் உப்பு மிகுதி என்று முடிவு செய்யலாம். நீரால் நிறைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்மண் எனப்படுகிறது. தொட்டியில், அதன் கொள்ளளவைப்போல் சில மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வெளியேற்றுவது உப்பைக் கழுவிவிடும். வடிகால் இல்லாத இடத்தில் இதைச் செய்தால் உப்பு போகாது, வேர்தான் அழுகும்.

வெண்படிவு இல்லாமல், உரமும் மிகுதியாக இடப்படாமல், முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைந்ததாகவும் இருக்கலாம். காப்பு செல்கள் விறைத்தும் தளர்ந்தும் இலைத்துளையைத் திறந்து மூடுவதற்கு முதன்மைக் கருவி பொட்டாசியமே என்பதால், அது குறைந்த செடி நீரை அடக்கிச் செலவிடவும் தடுமாறும்.

இலை மஞ்சளாகிறது

முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அன்று, இடத்தை. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை புளோயத்தில் ஏறிப் பயணம் செய்யக்கூடியவை. இவற்றில் ஒன்று குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அதைத் திரும்ப எடுத்துத் தளிருக்கு அனுப்பும். ஆகவே கீழிலை முதலில் வெளிறும். சுண்ணாம்புச்சத்து, இரும்பு, பெரும்பாலான செடிகளில் போரான் ஆகியவை ஒருமுறை படிந்த இலையைவிட்டு எளிதில் நகர்வதில்லை; இவை குறைந்தால் தளிரே முதலில் நோகும். போரானுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: ஆப்பிள் போல சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலை உருவாக்கும் மரங்களில் அது புளோயத்திலும் நகரும்.

கீழிலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. கீழிலையில் நரம்புகள் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. சாம்பல்சத்தை அளவுக்குமேல் இட்டாலும் மக்னீசியக் குறை வரும். வேரில் இரண்டும் போட்டியிடுகின்றன. கீழிலை மங்கி ஊதா கலந்தால் மணிச்சத்துக் குறை. ஆனால் குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாக வளரும்போதும் இதே நிறம் வரும், ஏனெனில் மணிச்சத்து மண்ணில் மிகக் குறைந்த தொலைவே நகர்வதால் வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். அந்த நிலையில் உரம் இடுவது வீண்செலவு.

தளிரில் நரம்புகள் பச்சையாகவும் இடையெல்லாம் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. இங்கே மண்ணில் இரும்பு இல்லை என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. மண்ணில் இரும்பு ஏராளமாக இருக்கும். கார அமில அளவு 7-ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் அது கரையாமல் முடங்கிக் கிடக்கும். இதை உறுதிசெய்ய, நீர்த்த இரும்புக் கரைசலைத் தூரிகையால் ஒரு மஞ்சள் தளிரின் பாதியில் மட்டும் பூசிச் சில நாள் காத்திருக்கலாம். பூசிய பகுதி மட்டும் பச்சை பிடித்தால் ஐயம் தீர்ந்தது. இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்களோடு அதை இடுவது தீர்வு; ஆனால் இ.டி.டி.ஏ. கலந்த இரும்பைக் கார மண்ணில் இட்டால் அது விரைவில் பிரிந்து பயனற்றுப்போகும்; இ.டி.டி.ஹெச்.ஏ. கலந்த இரும்பு கார மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். நீர் தேங்கிய மண்ணிலும் இதே மஞ்சள் தோன்றக்கூடும் என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் வேரைப் பார்த்துவிடுவது நல்லது.

காயின் அடிமுனை கருத்து அழுகுகிறது. கீரையின் உள்ளிளந்தளிர் ஓரம் கருகுகிறது

இது சுண்ணாம்புச்சத்துப் பிழை. ஆனால் பெரும்பாலும் மண்ணின் பிழை அன்று. சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய முழுவதும் சைலத்தில் மட்டுமே பயணிக்கிறது. சைல ஓட்டமோ நீராவிப்போக்கு மிகுந்த பெரிய இலைகளையே நாடுகிறது. இலைத்துளைகள் குறைந்த தக்காளிக் காயும், ஒன்றையொன்று மூடிக்கிடக்கும் இலைக்கோசின் உள்ளிலையும் தமக்குரிய பங்கைப் பெறுவதில்லை. மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்து வந்தால் பங்கு இன்னும் குறையும். ஆகவே சீரான ஈரப்பதம், மூடாக்கு, தழைச்சத்து உரத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றுமே முதல் மருந்து. இலையில் தெளித்த சுண்ணாம்புச்சத்து இலையிலேயே தங்கிவிடும், காய்க்கு நகராது. தெளிப்பதாக இருந்தால் இளங்காய்களின் மேலேயே படவேண்டும். கெட்ட காய் திரும்பாது. அடுத்த கொத்தைப் பார்த்தே பலனை அளக்க வேண்டும்.

விடியலில் இலை ஓரங்களில் நீர்த்துளிகள் வரிசையாக நிற்கின்றன

நோய் அன்று. இரவில் நீராவிப்போக்கு நின்றும் வேர் உப்புகளை உள்ளே சேர்ப்பதால் உண்டாகும் வேரழுத்தம், இலை ஓரத் துளைகளின் வழியே நீரைக் கசியவிடுகிறது. மண் நன்கு நனைந்திருக்கிறது, வேர் உயிரோடிருக்கிறது என்பதற்கான சான்றாகவே இதைக் கொள்ளலாம்.

இலை பிசுபிசுக்கிறது, பின் கரும்படலம் படிகிறது

அசுவினி, செதில் பூச்சி, மாவுப்பூச்சி போன்றவை புளோயத்தில் வாயூசியைச் செருகிக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைக் கழிவாக வெளியேற்றுகின்றன; அதன்மேல் வளர்வதே கரும்பூசணம். படலத்தைத் துடைப்பதில் காலம் கழிக்காமல் இலையின் அடிப்பக்கத்தில் பூச்சியைத் தேடுக.

தண்டில் ஓரிடம் வீங்கி, அதற்குக் கீழே மெலிந்திருக்கிறது

வீக்கத்திற்குச் சற்றுக் கீழே கட்டுக்கம்பியோ பெயர்ப்பட்டையின் கயிறோ பட்டைக்குள் புதைந்திருக்கும். அல்லது பட்டை வளையமாகக் கடிபட்டிருக்கும். 17-ஆம் நூற்றாண்டிலேயே மால்பீகி மரப்பட்டையை வளையமாக நீக்கி இதே வீக்கத்தைக் கண்டார். புளோயம் பட்டையின் உட்பக்கத்தில் இருப்பதால் கீழிறங்கும் சர்க்கரை அங்கே தேங்குகிறது. சைலம் உள்ளே மரப்பகுதியில் பழுதின்றி இருப்பதால் இலைகளுக்கு நீர் வழக்கம்போல் ஏறும். எனவே மரம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நலமாகவே தோன்றும். அந்தக் காலம் முழுவதும் வேர் சேமிப்பைத் தின்று பட்டினி கிடக்கிறது. (நடுமரம் பொந்தான மரங்கள் பல்லாண்டு வாழ்வதன் காரணமும் இந்த அமைப்பிலேயே உள்ளது: நீரைக் கடத்துவது வெளிப்புற மென்மரம் மட்டுமே.)

கட்டு புதைந்திருந்தால் உடனே அறுத்து எடுக்க வேண்டும். முழுவதும் உருவ முடியாவிட்டால் பல இடங்களில் துண்டித்துவிட்டால் போதும். பட்டை சுற்றளவில் ஒரு பகுதி மட்டுமே போயிருந்தால் மரம் தானே மூடிக்கொள்ளும். புண்ணின் ஓரத்தைச் சீராக வெட்டிவிட்டு விட்டுவிடலாம். வளையம் முழுமையாக இருந்தால், அதே மரத்தின் மெல்லிய குச்சிகளைப் புண்ணின் மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பால ஒட்டு கட்டுவது ஒன்றே வழி. குச்சியின் அடிமுனை கீழேயும் நுனிமுனை மேலேயும் இருக்கவேண்டும். பட்டை எளிதில் உரியும் வளர்ச்சிப் பருவத்தில், கிளை உறங்குநிலையில் இருந்தபோது வெட்டிச் சேமித்த குச்சியைக் கொண்டு, சில சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிலும் செருகிக் கட்டுவர். இலைகள் வெளிறத் தொடங்கிய பிறகு செய்யும் ஒட்டு பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதற்குள் வேரின் சேமிப்பு தீர்ந்திருக்கும்.